டீச்சர் என்ற பூனையை வளர்த்தவர்

அவர் வளர்த்த பூனையின் பெயர் டீச்சர்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தமிழாசிரியையாக மாற்றலாகிப் போயிருந்தேன். ஓட்டு வீடு ஒன்றை நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். அதில் ஒரு பாதியில் நான் குடிபுகுந்த அன்று மாலை, கொல்லைக் கதவைத் திறந்துவைத்துப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "டீச்சர், வாங்க, சோறு ஆறிடப் போவுது" என்று ஒரு பெண் குரல் கேட்டது. அந்த ஊரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. வந்த அன்றே சாப்பிடக் கூப்பிடுகிறார்களே என்று கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனேன். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான ஒரு பெண் தட்டும் கையுமாகக் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். செம்மஞ்சள் நிறப் பூனை ஒன்று அவசரமில்லாமல் ஓட்டிலிருந்து இறங்கி வந்தது.

நான் யார், என்ன வேலை என்று சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. தான் தைக்கும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அது பார்த்துக்கொண்டே இருக்கும், ஒரு தையல் பிசகினாலும் முறைப்பது போலத் தோன்றும், அதனால் விளையாட்டாக வைத்த பெயர் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நான் சிரித்தேன். எனக்கொன்றும் இல்லை, அப்படியே கூப்பிடுங்கள் என்றேன்.

மறுநாள் காலை சுவருக்கு அந்தப் பக்கம் "பாப்பா, பாப்பா" என்று மெல்லிய குரல் கேட்டது. ஒன்பது வயதுப் பூனை. கூரையில் உட்கார்ந்து வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. புதுப் பெயர் தனக்குத்தான் என்று அதற்குப் புரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஒவ்வொரு வேளையும் அவர் ஸ்டூல் போட்டு ஏறி, அதைத் தொட்டுத் தூக்கிக்கொண்டு வந்து சோறு வைத்தார். பழைய பெயரையே வைத்துக்கொள்ளச் சொல்லி நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். உங்களுக்கு மரியாதையாக இருக்காது என்று சொல்லிவிட்டார்.

போன தை மாதம் அவர் இறந்துவிட்டார் என்று அந்த ஊர்த் தையற்கடைக்காரர் போனில் சொன்னபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஸ்டூலில் நின்ற கால்கள்தான்.

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எதிரில் இருப்பவர் எதைச் சொன்னாலும் அக்கா அதை நம்புவார். நம்புவதோடு விடமாட்டார், உடனே செய்துமுடிப்பார். நமக்கு அது அரைகுறை எண்ணமாக இருக்கும்போதே அவர் அங்கே வேலையை முடித்துக் கை கழுவியிருப்பார். வாதாடத் தெரியாதவர் என்று முதலில் நினைத்தேன். பிறகு, வாதாட வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றுவதில்லை என்று தெரிந்தது.

சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்தும், ரவிக்கைகளுக்கு ஊக்கு வைத்தும் தையற்கடைக்குக் கொடுப்பார். ஒரு நாள் ஒரு பெண் நேராக வீட்டுக்கே வந்து, தன் கிளிப்பச்சைச் சேலைக்கு அடித்திருந்த ஃபால்ஸ் நிறம் சேரவில்லை என்றாள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே பச்சை. அதைச் சொல்வதற்குள் அக்கா பிளேடை எடுத்து ஒரு முனையிலிருந்து பிரிக்கத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண் போன பிறகு ஏன் என்று கேட்டேன்.

"அவங்க கண்ணுக்கு அப்படித் தெரியுதுல்ல டீச்சர்" என்றார். "அதக் கட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போவப்போறது அவங்கதானே."

அவருடைய அப்பா விட்டுப்போன நஞ்சையில் அவருக்கும் பங்கு இருந்தது. அண்ணன்மார் இருவரும் பத்திரத்தோடு வந்து, கையெழுத்துப் போடு என்றார்கள். போட்டார். படித்துப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதற்கு, அவர்கள் படித்துத்தானே எழுதியிருப்பார்கள் என்றார். எனக்குத்தான் கோபம் வந்தது. அவர் என்னைச் சமாதானப்படுத்தினார்.

கணவரைப் பற்றி அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். அந்த ஆளுக்குச் சீர்காழியில் இன்னொரு குடும்பம் இருந்தது. இனிமேல் அங்கேயே இருக்கப் போகிறேன் என்று ஒரு காலையில் அந்த ஆள் சொன்னதும், பஸ்ஸில் பசிக்குமே என்று அக்கா தயிர்சாதம் பிசைந்து கட்டிக்கொடுத்தாராம். அந்த ஐப்பசியில் அடைமழை பெய்த ஒரு நாள், உடைந்த ஓட்டின் வழியாக ஒரு பூனைக்குட்டி தையல் துணிமேல் விழுந்தது. யாரும் கொடுக்கவில்லை, யாரும் திருப்பிக் கேட்கவும் இல்லை. அவர் வாழ்க்கையில் அப்படி வந்தது அந்தப் பூனை மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவரிடம் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னேன்.

நான் அங்கே போன முதல் தை மாதத்தில், சம்பா அறுவடை தொடங்கிய சமயம், எனக்குத் தும்மல் ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் இருபது முப்பது தும்மல். கண் அரிக்கும். பிறகு இருமல் வந்தது. பிறகு படுத்தால் நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போலச் சத்தம் கேட்டது. நடுச்சுவர் கூரைவரை எழும்பாத வீடு அது. மேலே இரண்டடி இடைவெளி இருக்கும். நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து "வெந்நீர் குடிங்க டீச்சர்" என்று குரல் வரும். அந்த இடைவெளி வழியாகவே பூனையும் வரும். நான் பள்ளிக்கூடம் போன பிறகு என் கட்டிலில் கால்மாட்டில் படுத்துத் தூங்கிவிட்டுப் போகும். மெத்தை விரிப்பில் மஞ்சள் முடி ஒட்டிக்கொண்டிருக்கும். என் கணவர் மஸ்கட்டில் இருந்தார். போனில் பேசும்போது என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு அவர்தான் டாக்டரிடம் போகச் சொன்னார்.

டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசுபவர். வீட்டில் நாய், பூனை உண்டா என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பூனை வரும் என்றேன். அதுவாகவும் இருக்கலாம் என்றார். வேறு எதுவாகவும் இருக்கலாம், தஞ்சாவூரில் தோலில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனை இருக்கிறது, அதைச் செய்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும், அதுவரை பூனையைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அதற்கு முந்திய மூன்று இரவுகளும் நான் தூங்கியிருக்கவில்லை. எனக்குக் காரணம் என்று ஒன்று வேண்டியிருந்தது. தஞ்சாவூருக்கு லீவு போட்டுக்கொண்டு போவது பெரிய வேலையாகத் தெரிந்தது. பூனை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விரிப்பில் முடி ஒட்டுவது எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும், டாக்டர் என்ன சொன்னார் என்று அக்கா கேட்டார்.

"பூனையாலதான் இப்படி வருதுன்னு சொல்றாரு அக்கா" என்றேன்.

'இருக்கலாம்' என்பதற்கும் 'தான்' என்பதற்கும் உள்ள தூரத்தை வகுப்பில் பிள்ளைகளுக்கு நடத்துபவள் நான். ஐயத்தை எடுத்துவிட்டு, உறுதியைச் சொல்லும் தேற்றத்தை வைத்தேன். வாய் தவறிச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை.

அன்று மாலையே அக்கா ஸ்டூலில் ஏறி நடுச்சுவர் இடைவெளி முழுக்கச் சாக்கை விரித்து ஆணி அடித்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பூனையைக் குளிப்பாட்டினார். பூனை தண்ணீரைப் பொறுக்குமா? முழங்கை வரை கீறல் விழுந்திருந்தது. என்னோடு பேச வருவதற்கு முன் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். பிறகு அதுவும் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே வருவதையே நிறுத்திவிட்டார். குழம்பு வைத்தால் கிண்ணத்தைக் கொல்லைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்பார். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பூனையைப் பகலில் கதவைச் சாத்தி உள்ளேயே வைத்தார். ஒன்பது வருஷம் கூரை கூரையாகத் திரிந்த ஜீவன். கதவைப் பிராண்டும் சத்தமும், அவர் அதனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பதும் சாக்கைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

மாசியில் ஒரு ஞாயிறு பகல். பின்புற வயலில் அறுவடை முடிந்து, மெஷினை விட்டு வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புகை போலத் தூசி எழும்பி வீட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்து அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது இப்போது நினைவிருக்கிறது. அரை மணி நேரத்தில் மூச்சு அடைத்தது. இழுத்த காற்று உள்ளே போகவில்லை. சுவரை இரண்டு தடவை தட்டியது தெரியும். அக்கா ஓடி வந்து என்னைத் தாங்கித் தூக்கி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். முகமூடி மாட்டி மருந்துப் புகையைக் கொடுத்த பிறகுதான் எனக்குக் கண் தெளிந்தது.

கண் தெளிந்து தேடினேன். வார்டுக்குள் அவர் இல்லை. நர்ஸ் ஒரு தம்ளர் காபியைக் கொண்டுவந்து, உங்கள் வீட்டு அம்மா கொடுத்தார்கள், கூப்பிட்டால் உள்ளே வரமாட்டேன் என்கிறார்கள் என்றாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஜன்னலுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தார்.

"நான் உள்ள வரல டீச்சர். அவசரத்துல சேலைய மாத்தாம வந்துட்டேன். அது முடி ஒட்டியிருக்கும்" என்றார்.

இரண்டு நாள் அங்கே இருந்தேன். இரண்டு நாளும் அவர் அந்த மரத்தடியில்தான் இருந்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது, அவர் கொல்லையில் ஒரு கட்டைப்பையைத் துவைத்துக்கொண்டிருந்தார். நடுச்சுவர்ச் சாக்கை எடுத்துவிட்டிருந்தார். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது.

"கொண்டுபோய் விட்டுட்டேன் டீச்சர். வேதாரண்யம் பக்கம் மீன் ஏலம் போடுற ஊர் ஒண்ணு இருக்கு. அங்க பூனைங்களுக்குச் சாப்பாட்டுக்குக் கொறையே இல்ல" என்றார். "இனிமே நல்லா மூச்சு விடுங்க."

விடச் சொல்லி நான் சொல்லவே இல்லையே அக்கா என்றேன்.

"நீங்க சொல்ற வரைக்கும் விடலாமா? வாயத் தொறந்து அதச் சொல்ல உங்களுக்குத்தான் எவ்வளவு சங்கடமா இருக்கும்."

அவர் கண்ணில் நீர் இல்லை. பையைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

கோடையில் எனக்கு நன்றாகவே இருந்தது. வயல்கள் காய்ந்து கிடந்தன, வைக்கோல் இல்லை, ஜன்னல் நாள் முழுக்கத் திறந்திருந்தது. பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் நான் தும்மவே இல்லை. அக்காவுக்கு அதில் ஒரு நிறைவு. பார்க்கிறவர்களிடமெல்லாம் டீச்சர் இப்போது தேவலாம் என்று சொல்வார். மறுபடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவர் பேச்சில் பூனை வராது. தைக்கும்போது எதிரில் இருந்த நாற்காலியில் துணிகளை அடுக்கி வைத்திருந்தார்.

மழைக்காலம் வந்தது. வீட்டுச் சுவரெல்லாம் ஓதம் ஏறியது. மறுபடி தும்மல், மறுபடி விசில். இந்தத் தடவை முன்னைவிட மோசம். அக்கா பதறிப்போனார். பூனை படுத்த இடங்களில் இன்னும் முடி இருக்கிறது என்று முடிவுக்கு வந்து, தன் பாதி வீட்டைத் தரையிலிருந்து உத்தரம்வரை கழுவினார். சுண்ணாம்பு அடித்தார். அது சுருண்டு படுக்கும் பழைய சேலையை எரித்தார். கடைசியில் அந்த நாற்காலியையும் தெருக்கோடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். நாற்காலியைக் குப்பைமேட்டில் வைத்துவிட்டு, அது சாய்ந்து நின்றதைத் திரும்ப நேராக நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார்.

மறுநாளே லீவு எழுதிக்கொடுத்துத் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன்.

அந்த ஆஸ்பத்திரியில் முன்கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசி நுனியால் குத்தினார்கள். கால் மணி நேரம் கையை நீட்டியபடி உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். இரண்டு இடங்களில் கொசு கடித்தது போலப் பெரிதாகத் தடித்தது. ஒன்று வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி. இன்னொன்று ஈர வைக்கோலில் பிடிக்கும் பூஞ்சை. என்ன மெத்தையில் படுக்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். கல்யாணத்துக்குச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை, ஏழு வருஷம் ஆகிறது என்றேன். முதலில் அதை வெளியே போடுங்கள் என்றார்.

பூனை எந்த எண் என்று கேட்டேன். அவர் தாளைப் பார்த்து, மணிக்கட்டுக்கு மேலே இருந்த ஆறாம் எண்ணைக் காட்டினார். அந்த இடத்தில் ஊசி குத்திய தடம்கூடத் தெரியவில்லை.

"பூனையால உங்களுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா. தாராளமா வளக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அந்தத் தாளை நான்காக மடித்தேன். பிறகு எட்டாக மடித்தேன். அக்கா பஸ் நிறுத்தத்திலேயே நின்றிருந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டார். தூசிதான் காரணம் என்கிறார்கள் அக்கா என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "பூன முடியும் தூசிதானே" என்றார்.

நான் வீட்டைப் பார்த்து நடந்தேன். அந்த இடத்தில் 'இல்லை' என்று ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல்ல வரவில்லை. அவரே எனக்கு வழி செய்துகொடுத்துவிட்டார், அதில் போய்விட்டேன்.

மெத்தையைத் தூக்க அவர்தான் ஒரு கை பிடித்தார். நல்ல பஞ்சாயிற்றே என்று ஆதங்கப்பட்டார். பழசாகிவிட்டது என்றேன். இருவருமாகத் தரிசில் கொண்டுபோய்ப் போட்டுக் கொளுத்தினோம். பாயில் படுக்கத் தொடங்கினேன். அறுவடை நாட்களில் ஜன்னலைச் சாத்தினேன். ஒரே மாதத்தில் நெஞ்சுச் சத்தம் நின்றது. அதற்குப் பிறகு இன்றுவரை எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

அக்காவுக்கும் ஊருக்கும் அது பூனையைக் கொண்டுபோய் விட்டதால் வந்த குணம். ஒரு நாள் தையற்கடைக்கு ரவிக்கை வாங்கப் போயிருந்தேன். உள்ளே அக்கா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். நான் வந்தது அவருக்குத் தெரியாது. பூனையை விட்டதைப் பற்றி அந்த ஆள் ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு உசுரு பொழச்சுதுல்ல. நான் பெத்து வளத்து யாருக்கு என்ன செஞ்சிருக்கேன், சொல்லுங்க. இது ஒண்ணு செஞ்சேன்" என்றார்.

ரவிக்கையை வாங்காமலே திரும்பி வந்தேன்.

அடுத்த வைகாசியில் எனக்குத் தாராசுரம் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. சாமான்களை மூட்டை கட்டும்போது அலமாரியின் அடியிலிருந்து எட்டாக மடித்த அந்தத் தாள் கிடைத்தது. இதை எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் போக எனக்கு மனமில்லை. இங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று தோன்றியது. அப்போது நான் அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார், நான்தான் மாற்றிச் சொன்னேன். பூனையால் எனக்கு ஒன்றும் இல்லை. மெத்தைதான், வைக்கோல்தான். தஞ்சாவூர் போய்வந்த அன்றே எனக்குத் தெரியும்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். அதை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

"வேதாரண்யம் பஸ்ஸு பத்து மணிக்கு இருக்கு. எங்கூட வர்றீங்களா?" என்றார்.

இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

பஸ்ஸில் அவர் தானாகவே பேசினார். கொண்டுபோய் விட்ட பிறகு இரண்டு ஞாயிறு அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். முதல் தடவை மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் தடவை பஸ் ஏறும் இடம்வரை பின்னாலேயே வந்தது. பஸ் கிளம்பிய பிறகும் கொஞ்ச தூரம் ஓடி வந்தது. போகப் போக அதற்குத்தான் ஏக்கம் என்று அதற்கப்புறம் போகவில்லை. எனக்குச் சொல்லாததற்குக் காரணம், முடியைக் கொண்டுவந்துவிட்டார் என்று நான் பயந்துவிடுவேன் என்பதுதான். இரண்டு தடவையும் ஊர் எல்லைக் குளத்தில் உடுத்திய சேலையோடு முழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தாராம்.

ஏலக்கூடத்தில் அன்று ஏலம் முடிந்திருந்தது. சிமெண்டுத் தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பூனைகள் அங்கங்கே கிடந்தன. அவர் ஒவ்வொன்றிடமும் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு படகுகளுக்கு அடியில் பார்த்தார். வலை குவித்திருந்த கொட்டகையில் பார்த்தார். நான் வெயிலில் பின்னாலேயே நடந்தேன். மணலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் மஞ்சள் பூனை ஒன்றைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்த அம்மா நிமிர்ந்து யோசித்தார்.

"இருந்துச்சு. அது மத்தப் பூனைங்களோட சேராது. பஸ்ஸு நிக்கிற எடத்துலயே கெடக்கும். எறங்குற சனங்களையெல்லாம் போயிப் போயி மோந்து பாக்கும்" என்றார். "போன மழைல காய்ச்சல் வந்த மாதிரிச் சுருண்டு கெடந்துது. அப்புறம் நான் பாக்கல."

அக்கா அந்த அம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார். நிறுத்தத்துக்குத் திரும்பி வந்து நிழற்குடைக்குள் நின்றோம். அவர் உட்காரவில்லை. சிமெண்டுத் திண்டின் அடியில், தூணுக்குப் பின்னால், எல்லாம் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னல் பக்கம் அவர், பக்கத்தில் நான். உப்பளங்கள் போய் வயல்கள் வந்தன. கோடை உழவு போட்டிருந்தார்கள். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்று நான் சொன்னபோது அவர் கேட்டதாகவே தெரியவில்லை. வெகு நேரம் கழித்து, ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார். குரலில் கோபம் இல்லை.

"நீங்க இதச் சொல்லாம இருந்திருக்கலாம் டீச்சர்."

நான் அவர் கையைத் தொட்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அது என் கைக்குக் கீழே அப்படியே கிடந்தது.

எங்கள் ஊருக்கு இன்னும் மூன்று நிறுத்தம் இருந்தது. வயல்களுக்கு நடுவில், வாய்க்கால் மதகை ஒட்டி, கை காட்டினால் மட்டும் பஸ் நிற்கும் ஒரு நிறுத்தம். வீடு கிடையாது, கடை கிடையாது. அவர் எழுந்து கண்டக்டரிடம் நிறுத்தச் சொன்னார். இங்கே யார் இருக்கிறார்கள் அக்கா என்று கேட்டேன். வழி விடுவதற்காக என் முழங்கால் ஒதுங்கும்வரை காத்திருந்தார். நான் ஒதுங்கினேன். அவர் கம்பியைப் பிடித்து மெதுவாக இறங்கி, சாலையை விட்டு மதகுப் பக்கம் போய், பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்டக்டர் என்னைப் பார்த்தார். நீங்களும் இறங்கணுமா என்று கேட்டார்.

நான் இறங்கவில்லை.